120 கிலோவாட் திட்டம் 25 ஆகச் சுருங்கியது: ஒரு சிறு நீர்மின் நிலையத்தின் சாத்தியக்கூறு ஆய்வு

பின்னணி

மின்கம்பி எட்டாத ஒரு மலைச்சிற்றூர். 110 வீடுகள், மாவரைக்கும் ஆலை ஒன்று, மரமறுக்கும் பட்டறை ஒன்று. ஊருக்கு மேலிருந்து பாறைகளுக்கிடையே இறங்கி வரும் ஓடை எந்த ஆண்டும் முழுதாக வற்றியதில்லை என்பதில் ஊராருக்குப் பெருமை. அந்த ஓடையில் நீர்மின் நிலையம் அமைக்கலாமா என்று ஊர்க் கூட்டமைப்பு எங்களிடம் கேட்டபோது, அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் அறிக்கை இருந்தது. இயந்திரம் விற்கும் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தது. நான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘120 கிலோவாட்’ என்று இருந்தது.

நாங்கள் மூவர்: கட்டுமானப் பொறியாளர் ஒருவர், மின்பொறியாளர் ஒருவர், நீரியல் பார்க்கும் நான். ஆய்வுக்கு 14 மாதம் பிடித்தது. ஊருக்கு அது நீண்ட காலமாகத் தோன்றியது. “தண்ணீர் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் எங்களுக்கே பத்தாவது மாதத்தில்தான் கிடைத்தது.

பழைய அறிக்கை என்ன சொன்னது

ஓடையிலிருந்து எடுக்கக்கூடிய மின்திறனை நிர்ணயிப்பவை மூன்று: விநாடிக்கு எவ்வளவு தண்ணீர், அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, அதில் எத்தனை பங்கு மின்சாரமாகத் தேறும். கனமீட்டரில் பாய்வையும் மீட்டரில் உயரத்தையும் பெருக்கி, அதை 9.81 ஆலும் திறன் விகிதத்தாலும் பெருக்கினால் கிலோவாட் வந்துவிடும். பழைய அறிக்கை பாய்வை விநாடிக்கு 260 லிட்டர் என்றும், உயரத்தை 62 மீட்டர் என்றும், திறனை 75 விழுக்காடு என்றும் எடுத்திருந்தது. பெருக்கினால் 118.6 வருகிறது. கணக்கில் பிழை இல்லை. உள்ளே போட்ட மூன்று எண்களும்தான் பிழை.

பாய்வை அந்த இயந்திர விற்பனையாளர் மிதவை கொண்டு அளந்திருந்தார். 20 மீட்டர் தூரத்தை மரத்துண்டு 25 விநாடியில் கடந்தது, ஆகவே வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். ஓடையின் குறுக்குப் பரப்பு 0.325 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி 260 லிட்டர் என்று எழுதிவிட்டார். ஆனால் மிதவை காட்டுவது மேற்பரப்பின் வேகத்தை. அடியில் கற்கள் உரசுவதால் சராசரி வேகம் அதைவிடக் குறைவு. ஆழமும் சீரும் உள்ள வாய்க்காலில் 0.85 ஆல் பெருக்குவது வழக்கம். இதுபோன்ற ஆழமற்ற, கரடுமுரடான ஓடையில் 0.7 என்று எடுப்பதே பொருத்தம், சில இடங்களில் அதற்கும் கீழே போகும். அப்படித் திருத்தினால் அன்றைய பாய்வு ஏறக்குறைய 180 லிட்டர்தான்.

அதைவிடப் பெரிய குறை, அந்த ஒருநாள். மழைக்காலம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு நாளில் அவர் அளந்திருந்தார். ஓடைகள் எல்லாமே அழகாகத் தோன்றும் நாட்கள் அவை.

உயரத்தை அளந்த விதம்

62 மீட்டர் என்பது கையடக்க ஜிபிஎஸ் கருவி காட்டிய இரு உயரங்களின் வித்தியாசம். மரங்கள் அடர்ந்த சரிவில் அந்தக் கருவி கிடைமட்ட இடத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். செங்குத்து உயரத்தில் பத்து, பதினைந்து மீட்டர் தடுமாறுவது சகஜம். நூற்றுக்கணக்கான மீட்டர் வீழ்ச்சியில் அது பெரிதில்லை. இங்கே அது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு.

நாங்கள் லெவல் கருவியும் அளவுகோலும் வைத்து மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் அளந்தோம். 47.6 மீட்டர் வந்தது. சந்தேகம் தீர, தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயின் கீழ்முனையில் அழுத்தமானியைப் பொருத்தித் துண்டு துண்டாக மறுபடியும் அளந்தோம். ஒரு பார் அழுத்தம் ஏறக்குறைய 10.2 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். இரண்டு முறைகளின் விடைக்கும் இடையே அரை மீட்டர்தான் வித்தியாசம். இரண்டே நாள் வேலை. பழைய அறிக்கையின் உயரத்தில் 14 மீட்டர் அத்தோடு போயிற்று.

இந்த 47.6 மீட்டரும், தண்ணீரின் விசையால் சுழலும் சக்கரமான டர்பைனுக்கு முழுதாகக் கிடைக்காது. வாய்க்காலின் சரிவிலும் வண்டல் தொட்டியிலும் 1.3 மீட்டர் போகும். தண்ணீரை டர்பைனுக்கு இறக்கும் அழுத்தக் குழாயின் உராய்விலும் வளைவுகளிலும் இன்னும் 2 மீட்டருக்குச் சற்று மேல். கையில் நிற்பது 44. குழாயைச் சற்று ஒல்லியாக எடுத்தால் செலவு மிச்சமாகுமே என்ற பேச்சும் எழுந்தது. ஒரே பாய்வுக்கு உராய்வு இழப்பு குழாயின் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். எனவே 250 மில்லிமீட்டருக்குப் பதில் 200 எடுத்தால் இழப்பு மூன்று மடங்காகும். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

தண்ணீரை ஓராண்டு பார்த்தது

நீர் எடுக்க நினைத்த இடத்துக்குச் சற்று மேலே, பாறையில் ஓர் அளவுப் பலகையைப் பதித்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு நீர்மட்டத்தைக் குறித்துவைக்க ஊரிலேயே ஓர் இளைஞரை அமர்த்தினோம். மட்டத்தைப் பாய்வாக மாற்ற வெவ்வேறு நாட்களில் 14 முறை உப்பு கரைத்து அளந்தோம். வாளியில் இரண்டு கிலோ உப்பைக் கரைத்து ஓடையில் ஒரே வீச்சில் ஊற்றி, 30 மீட்டர் கீழே, தண்ணீரில் கலந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துமானியை ஐந்து விநாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும். உப்பு அலை வந்து கடந்து போகும். அதை வரைபடமாக்கினால், அலையின் அடியிலுள்ள பரப்பு பெரிதாக இருந்தால் தண்ணீர் குறைவு, சிறிதாக இருந்தால் தண்ணீர் அதிகம். மூன்றாவது முறை அளந்தபோது விடை ஐந்தில் ஒரு பங்கு விலகி நின்றது. மானி ஒரு பாறைக்குப் பின்னால், தண்ணீர் சுழன்று தேங்கும் மூலையில் இருந்ததுதான் காரணம். இரண்டடி நகர்த்தியதும் சரியாயிற்று.

ஐந்தாம் மாதம் பதிவேட்டைப் புரட்டியபோது, தொடர்ந்து 11 நாட்கள் ஒரே எண் எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். அதுவும் நல்ல மழை பெய்த நாட்களில். கேட்டோம். வெள்ளத்தில் பலகைக்கு அருகே போக முடியவில்லை, இடம் காலியாக இருந்தால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று நினைத்து முந்தைய எண்ணையே எழுதினேன் என்றார். பிழை எங்களுடையது. காலியாக விடலாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த 11 நாட்களையும் நீக்கினோம். ஆனாலும் மனத்தில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீரழுத்தத்தைத் தானே பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, அவருடைய பதிவைச் சரிபார்ப்பதற்காகவே ஓடையில் இறக்கினோம். எந்த நோக்கத்தோடு இறக்கினோம் என்பதை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவருடைய எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. கருவி காட்டிக் கொடுத்தது வேறொன்றை.

ஆண்டு முடிந்ததும் தினசரிப் பாய்வுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினோம். 260 லிட்டரும் அதற்கு மேலும் ஓடியது ஆண்டின் கால் பங்கு நாட்களில்தான். பாதி நாட்களில் 120 லிட்டரோ அதற்கு மேலோ இருந்தது. பத்தில் ஒன்பது நாட்களுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது 38 லிட்டர். மிகக் குறைந்த நாளில் 29. ஊரார் சொன்னது உண்மை, ஓடை வற்றவில்லை. வற்றாமல் இருப்பதும் டர்பைனைச் சுழற்றுவதும் வேறு வேறு.

எங்கள் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்றும் பார்க்க வேண்டியிருந்தது. அருகிலிருந்த மழைமானியின் நீண்டகாலப் பதிவோடு ஒப்பிட்டபோது, அந்த ஆண்டு சராசரியைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் மழை பெய்திருந்தது. மழை குறைந்த அதே விகிதத்தில் பாய்வும் குறையும் என்று கொள்ள முடியாது. வறண்ட மாதங்களின் தண்ணீர் ஊற்றுகளிலிருந்து வருவது, அதன் போக்கே வேறு. ஆனாலும் எங்கள் எண்கள் கொஞ்சம் செழிப்பானவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டோம். பழைய வறட்சியைப் பற்றி ஊரில் ஒரு மூதாட்டியிடம் கேட்டபோது, அவர் எதுவும் சொல்லாமல் எங்களை ஓடைக்கு அழைத்துப் போய், பாறையில் இரு கை அகலமுள்ள ஒரு குழியைக் காட்டினார். அந்த ஆண்டு இதிலிருந்துதான் குவளையால் மொண்டோம் என்றார். எங்கள் பதிவில் அந்தக் குழி ஒருநாள்கூடத் தண்ணீருக்கு வெளியே தெரிந்ததில்லை.

இரவு ஒன்பது மணி

பத்தாம் மாதம், வறட்சி தொடங்கிய நேரம். தானியங்கிக் கருவியின் வரைபடத்தைத் திறந்தால், ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிவாக்கில் பாய்வு சட்டென்று விழுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சட்டென்று ஏறுகிறது. 38 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரவெல்லாம் 20 லிட்டர். காலை எட்டு மணிப் பதிவில் இதன் சுவடே இல்லை.

கரையோர மரங்கள் தண்ணீரை உறிஞ்சுவதால் ஓடைகளில் தினசரி ஏற்ற இறக்கம் வருவது உண்டு. ஆனால் அது வெயிலைத் தொடர்ந்து மெல்லச் சரிந்து மெல்ல எழும். இது படிக்கட்டுபோல் வெட்டி விழுந்திருந்தது. ஏதோ ஒரு கை மதகைத் திறக்கிறது.

அன்றிரவே டார்ச் விளக்கோடு நானும் கட்டுமானப் பொறியாளரும் ஓடையோரமாக மேலே நடந்தோம். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பலகையும் புல்கரணையும் வைத்து ஓடையைப் பாதி மறித்து, வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு எங்களையே பார்த்தார். மேல்குடியிருப்பைச் சேர்ந்தவர்.

“இது எங்கள் முறை, ஐயா. என் தாத்தா காலத்திலிருந்து வறட்சி மாதத்து இரவுத் தண்ணீர் எங்களுக்கு.”

கீழூரில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது, “நீங்கள் கேட்கவில்லையே” என்றார் கூட்டமைப்பின் தலைவர். அவர் சொன்னதும் சரிதான். எங்கள் கேள்வித்தாளில் ஓடைக்குக் கீழே யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்ற கேள்வி இருந்தது. மேலே யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை.

இதன் விளைவு சிறியதல்ல. நீர் எடுக்கும் இடத்துக்கும் மின்நிலையத்துக்கும் இடையே ஓடையிலிருந்து ஒரு பாசன வாய்க்கால் பிரிகிறது. அதற்கு 12 லிட்டர் விட வேண்டும். மீன்களும் பிற உயிர்களும் பிழைக்க ஓடையில் 15 லிட்டராவது ஓட வேண்டும் என்று நாங்கள் வைத்தோம். ஆக 27 லிட்டர் நமக்கு உரியதல்ல. காலை எட்டு மணிப் பதிவை நம்பினால் வறட்சியில் 38 போக 27, மிச்சம் 11 லிட்டர் இருக்கும். இரவில் ஓடுவதே 20. ஒரு சொட்டும் மிஞ்சாது. விளக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் இருட்டாகும் ஒரு நிலையத்தைக் கட்டியிருப்போம்.

எடுத்த முடிவுகள்

முதலில் 120 என்ற எண்ணை ஊர் மறக்க வேண்டியிருந்தது. பழைய அறிக்கை மிச்ச மின்சாரத்தைப் பொது மின்தொகுப்புக்கு விற்கலாம் என்று சொல்லியிருந்தது. தொகுப்பின் கம்பி 9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதுவரை கம்பி இழுக்கும் செலவு மொத்த நிலையத்தின் செலவையே தாண்டியது. அந்த வழி மூடியது. மிஞ்சியது ஊரின் தேவை. வீடுவீடாகக் கணக்கெடுத்ததில் மாலை உச்சத் தேவை 19 கிலோவாட், பகலில் ஆலைக்கும் பட்டறைக்கும் சேர்த்து 11.

வடிவமைப்புப் பாய்வாக, அதாவது நிலையம் முழு அளவில் ஓட எடுக்கும் தண்ணீராக, விநாடிக்கு 90 லிட்டர் வைத்தோம். முதல் கணக்கில் 105 என்று இருந்ததை, எங்கள் ஆண்டு மழை கூடிய ஆண்டு என்பதால் குறைத்தோம். 44 மீட்டர் உயரம், மொத்தத் திறன் 65 விழுக்காடு. விடை 25 கிலோவாட். 75 விழுக்காடு என்பது நன்றாகப் பராமரிக்கப்படும் பெரிய இயந்திரங்களுக்கு உரியது. பெல்ட்டும் சிறிய ஜெனரேட்டரும் கொண்ட இந்த அளவு நிலையத்துக்கு அதை எழுதுவது பேராசை.

டர்பைனில் பிரான்சிஸ் வகை முதலிலேயே விலக்கப்பட்டது. முழுப் பாய்வில் அதன் திறன் அருமை, பாதிக்குக் கீழே போனால் சரிந்துவிடும். எங்கள் ஓடையோ ஆண்டில் பாதி நாள் முழுப் பாய்வுக்குக் கீழே. சக்கரத்தின் கிண்ணங்கள்மீது தண்ணீரைப் பல தாரைகளாகப் பீய்ச்சும் பெல்டன் வகை பொருந்தும்தான். ஆனால் உருளை போன்ற சக்கரத்தைத் தண்ணீர் குறுக்கே கடந்து போகும் குறுக்குப்பாய்வு டர்பைனைத் தேர்ந்தோம். அதன் நுழைவாய் ஒன்றுக்கு இரண்டு என்று பிரிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் குறைந்தால் சிறு பகுதியை மட்டும் திறந்து ஓட்டலாம். உச்சத் திறன் சற்றுக் குறைவு, ஆனால் சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்க்க முடியும். மின்பொறியாளருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பெல்டனே நல்லது என்று அவர் இன்றும் சொல்கிறார்.

அழுத்தக் குழாயில் இறங்கும் முன் தண்ணீர் சேரும் முன்தொட்டியை 200 கனமீட்டராகப் பெரிதாக்கினோம். வறட்சியில் 11 லிட்டர் வரவு இருந்தால் ஐந்து மணி நேரத்தில் நிரம்பும். மாலை நான்கு மணி நேரம் அதைத் திறந்தால், வரவோடு சேர்த்து விநாடிக்கு 25 லிட்டர் கிடைக்கும். அதில் ஆறு, ஏழு கிலோவாட் தேறும். 110 வீடுகளுக்கு வீட்டுக்கு 50 வாட் வீதம் கொடுக்க அது போதும்.

ஓடைக்கு விட வேண்டிய 27 லிட்டருக்குக் கதவு வைக்கவில்லை. கதவு இருந்தால் ஏதோ ஒரு மாலையில் யாராவது மூடுவார்கள். திருப்பு அணையின் அடியில் நிரந்தரமான ஒரு துளை விட்டு, அதைக் கடந்த பிறகே வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறும்படி மட்டத்தை அமைத்தோம். பாசன வாய்க்காலின் விவசாயி ஒருவர் தன் கைக்கோலால் துளையின் அகலத்தை அளந்து, கோலில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு போனார்.

மேல்குடியிருப்போடு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. தண்ணீரை விட்டுக்கொடுக்குமாறு கேட்கவில்லை, கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. நேரத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டோம். இரவு எட்டிலிருந்து நான்கு வரை எடுப்பதை (அது கீழே எங்கள் கருவிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரிந்தது), பதினொன்றிலிருந்து ஏழு வரை என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள். ஈடாக அவர்களுடைய 16 வீடுகளுக்கும் கம்பி இழுக்க வேண்டும் என்றார்கள். கீழூரில் சலசலப்பு எழுந்தது, கடைசியில் ஏற்றார்கள். அவர்களுடைய நீர்முறைப் பதிவேட்டிலேயே அது எழுதப்பட்டது. இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ‘சாத்தியம்’ என்ற சொல்லை எங்கள் அறிக்கையில் எழுதவில்லை.

மிக வறண்ட இரண்டு, மூன்று வாரங்களில் நிலையம் மாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். வரவு 2 லிட்டராகக் குறைந்தால் ஒருநாள் முழுவதும் சேர்வது 173 கனமீட்டர்தான்.

பின்னர் நடந்தவை

நிலையம் ஓடத் தொடங்கியதும் முழுப் பாய்வில் 24 கிலோவாட் கிடைத்தது. முதல் வறட்சியில் ஆலையை ஒன்பது வாரம் நிறுத்த வேண்டியிருந்தது. 17 இரவுகளில் விளக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே எரிந்தது. முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நாங்கள் எழுதிய அளவைவிடவும் அது மோசம். தொட்டியின் மூலையில் விநாடிக்கு அரை லிட்டர் கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அது கண்ணில்கூடப் படாது. வரவே 2 லிட்டராக இருக்கும் வாரத்தில் அது கால் பங்கு.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். சுமை மாறினாலும் ஜெனரேட்டரின் வேகம் மாறாதிருக்க, பயன்படாத மின்சாரத்தைச் சூடேற்றியில் எரித்துத் தீர்க்கும் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருந்தோம். தண்ணீர் தாராளமாக ஓடும்போது அது சிறந்த ஏற்பாடு. தொட்டியில் சேமித்த தண்ணீரிலோ, ஊர் உறங்கப் போன பிறகும் அது சேமிப்பைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. வறட்சியில் டர்பைனின் வாயைக் கையால் குறைக்க, இயக்குபவரை அதன் பிறகுதான் பழக்கினோம்.

இரண்டாம் மழைக்காலத்தில் வாய்க்காலின் 14 மீட்டர் சரிவோடு பெயர்ந்து போயிற்று. 23 நாள் மின்சாரம் இல்லை. மேல்குடியிருப்பு ஒப்பந்தத்தை மீறியது இரண்டே இரவுகளில். இரண்டும் திருமண நாட்கள் என்றார்கள், விசாரிக்கவில்லை.

இப்போது செய்தால் மாற்றுவது

சரிந்து போன அந்த இடத்தில் மரங்களின் அடித்தண்டு கொக்கிபோல் வளைந்திருந்ததை முதல் நடையிலேயே என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். மண் மெல்ல நழுவும் சரிவில் மரம் அப்படித்தான் வளையும். எழுதியது அழகு கருதியே தவிர எச்சரிக்கையாக அல்ல. வாய்க்கால் போகும் வழியை நாங்கள் மூன்று முறை நடந்தோம், மூன்றும் காய்ந்த மாதங்களில். இப்போதானால் கொட்டும் மழையில் ஒருமுறையாவது நடப்போம். அந்தப் பகுதியில் திறந்த வாய்க்காலுக்குப் பதில் குழாய் வைப்போம். சரிந்த பிறகு வைத்திருப்பதும் குழாய்தான்.

தானியங்கிக் கருவியை முதல் நாளே இறக்குவோம். காலைப் பதிவும் வேண்டும், அது ஓடையோடு ஒரு மனிதருக்குப் பழக்கத்தை உண்டாக்குகிறது. ஓடையின் ஊற்றுக்கண்வரை ஒருமுறை நடந்து, வழியில் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் எப்போது, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்போம். தொட்டியை நிரப்பி இரண்டு நாள் மூடிவைத்து மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பணியை முடித்ததாகக் கையெழுத்திடுவோம்.

மாலை உச்சத் தேவை இரண்டாம் ஆண்டில் 23 கிலோவாட்டைத் தொட்டுவிட்டது. கூட்டமைப்பு இப்போது இன்னொரு டர்பைன் வைக்கலாமா என்று கேட்கிறது. அளவுப் பலகை இன்னும் அதே பாறையில் இருக்கிறது, இளைஞர் இன்னும் எட்டு மணிக்குப் போகிறார். மூன்றாம் ஆண்டுப் பதிவு முடியட்டும் என்று பதில் எழுதியிருக்கிறோம்.